மூன்று மணி பத்து நிமிடம்

ஜூன் 16, திங்கள்

டாக்டர் கொடுத்த தாளில் ஒரு நாளைக்கு ஐந்து கட்டங்கள். படுத்த நேரம், தூங்கிய நேரம், நடுவில் விழித்த நேரம், எழுந்த நேரம், காலையில் பிள்ளையின் முகம் எப்படி. கடைசிக் கட்டம் விரல்நகம் அகலம்கூட இல்லை. அதில் ஒரு பிள்ளையின் முகத்தை எப்படி எழுதுவதாம்? அதனால் இந்த எண்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டேன். தாள் டாக்டருக்கு. நோட்டு எனக்கு.

முதல் பக்கத்தில் பெயர் எழுதுவது பழக்கம். குருவம்மாள், வயது 49, சத்துணவு அமைப்பாளர், கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. செவ்வந்திக்கு வயது ஏழு. குழந்தைகள் இல்லத்திலிருந்து வளர்ப்புக்கு என்று என் கையில் கொடுத்து இரண்டு மாதம் ஆகிறது. முழுதாகக் கொடுத்துவிடவில்லை. ஜூலை 22 அன்று குழந்தைகள் நலக் குழு கூடி, அவள் என்னிடம் இருப்பதா வேண்டாமா என்று சொல்லும்.

குழுவின் சார்பில் வீட்டுக்கு வந்து பார்ப்பவர் ஜெயக்கொடி மேடம். போன வாரம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "வகுப்புல தெனமும் தூங்கி விழுறா. எடை ஒரு கிலோ கொறஞ்சிருக்கு. ராத்திரித் தூக்கம் சரியாகலைன்னா மதுரையில தனிக் கவனிப்பு உள்ள இல்லத்துக்கு மாத்துறதத் தவிர வழியில்லக்கா." அக்கா என்று வேறு கூப்பிடுகிறார்.

செவ்வந்தியின் கையில் ஒரு பட்டை கட்டியிருக்கிறது. கடிகாரம் மாதிரி இருக்கும், மணி காட்டாது. ராத்திரி அவள் அசைவதை எல்லாம் அது பதிந்து வைக்குமாம்.

ஜூன் 17, செவ்வாய்

9.10க்குப் படுத்தாள். 9.50க்குத் தூங்கினாள். 3.10க்கு எனக்கு விழிப்பு வந்தது, அது எப்போதும் வருவது. 3.15க்கு அவள் பாயருகே போய்ப் பார்த்தேன். விழித்திருந்தாள்.

கண் மூடித்தான் இருந்தது. ஆனால் கால் பெருவிரலைப் பிடித்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். நிஜமாகத் தூங்குகிற பிள்ளையின் விரல் பிசைந்த மாவு மாதிரி இளகிக் கிடக்கும். தூங்குகிற மாதிரி நடிக்கிற பிள்ளை விரலை மடக்கும். இது எனக்கு நன்றாகத் தெரியும். எப்படித் தெரியும் என்பது இங்கே தேவையில்லை.

ஜூன் 18, புதன்

3.15. விழித்திருந்தாள்.

ஜூன் 21, சனி

நேற்றும் முந்தாநாளும் அதே 3.15. தாளில் ஒரே எண்ணை எழுதி எழுதி எனக்கே வெறுத்துவிட்டது.

காலையில் அவளுக்குத் தலைக்கு ஊற்றி, பேன் பார்த்து, மாவரைத்தேன். படுக்கும்போது பள்ளிப் பையைத் தலைக்கு வைத்துக்கொள்கிறாள். தலையணை பக்கத்திலேயே கிடக்கிறது. பையைத் தொட்டால் கத்துகிறாள். தப்பில்லை. இரண்டு வருஷம் பஸ் ஸ்டாண்டில் அப்பனோடு கிடந்த பிள்ளை. அவன் குடித்துவிட்டு விழுந்து கிடப்பானாம், இவள் பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். ஒருநாள் விடிந்தபோது அவனைக் காணோம். பை மட்டும் இருந்தது.

பள்ளியில் சமையல் செய்கிற மாரித்தாய் வந்து பேசிக்கொண்டிருந்தாள். "யக்கா, நீயி என்னைக்காச்சும் அலாரம் வச்சிருக்கியா?" என்றாள். இல்லை என்றேன். "குடுத்து வச்சவ. நான் மூணு அலாரம் வச்சும் எந்திரிக்க மாட்டேங்கேன்." எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. நாற்பது வருஷமாக இந்த உடம்பு மூன்று பத்தைத் தவறவிட்டதில்லை. பாயில் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன், பிறகு எழுந்து வாசல் தெளிப்பேன். அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

ஜூன் 27, வெள்ளி

இன்றைக்குச் சாப்பாட்டு வரிசையில் தட்டைப் பிடித்தபடியே தூங்கிவிட்டாள். முட்டை உருண்டு போனது. பிள்ளைகள் சிரித்தார்கள். இரண்டாம் வகுப்பு டீச்சர், "வீட்டுல பிள்ளைய தூங்க விடுறீங்களா இல்லையா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கரண்டியைச் சட்டியில் போட்டேன். "ராத்திரி பூரா அவகூட முழிச்சுக் கெடக்குறது நான். நீங்க வந்து கெடந்து பாருங்க டீச்சர்" என்றேன். அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஜெயக்கொடி காதுக்குப் போகும். இன்னும் இருபத்தைந்து நாள்தான் இருக்கிறது.

ஜூலை 3, வியாழன்

மதுரைக்குப் போய்வந்தோம். டாக்டர் நஸ்ரின் சின்ன வயசுக்காரர், ஆனால் அவசரப்படாமல் பேசுகிறார். என் தாளைப் பார்த்தார். பட்டையைக் கணினியில் செருகிப் பார்த்தார்.

"நம்ம மூளையில பயத்தைக் கவனிக்க ஒரு சின்ன பகுதி இருக்கும்மா, பாதாம்பருப்பு அளவு. சின்ன வயசுல ராத்திரியில ஆபத்து வந்துக்கிட்டே இருந்தா, ராத்திரின்னாலே காவல் காக்கணும்னு அது படிச்சுக்கும். பிள்ளை ஆழ்ந்த தூக்கத்துக்குள்ள எறங்கப் பார்ப்பா, அது மேல இழுத்துரும். ஆழ்ந்த தூக்கத்துலதான் உடம்பு வளரும். அன்னைக்குப் படிச்சது மனசுல தங்குறதுக்கும் தூக்கம் வேணும்."

இதுவரைக்கும் எனக்குப் புரிந்தது. பிறகு, ஒரு விஷயம் இடிக்கிறது என்றார். பயந்த பிள்ளைகள் ராத்திரியில் கண்ட கண்ட நேரத்தில் விழிப்பார்களாம். இவள் மூன்றே காலுக்குச் சரியாக விழிக்கிறாள்.

"இந்த நேரத்துக்கு எழுப்புவாங்கன்னு உடம்புக்குத் தெரிஞ்சிருந்தா, ஒரு மணி நேரம் முன்னாடியே விழிப்புக்கான சுரப்பு ரத்தத்துல ஏற ஆரம்பிச்சிரும். அலாரமே வேண்டாம். இவ உடம்பு அப்படித்தான் இருக்கு. பஸ் ஸ்டாண்டுல மூணு மணிக்கு யாராவது எழுப்புவாங்களா?"

"போலீஸ்காரங்க லத்தியால தட்டுவாங்களா இருக்கும்" என்றேன். மேசைமேல் கிடந்த என் தாளை எடுத்து மடித்தேன்.

கிளம்பும்போது இன்னொரு பட்டையை எடுத்து என் பக்கம் நீட்டினார். "இது உங்களுக்கு."

"எனக்கெதுக்கு டாக்டர்? தூங்காதது அவ."

"சும்மா ரெண்டு வாரம். ஒரே ரூம்ல படுக்குறீங்கல்ல."

பஸ்ஸில் செவ்வந்தி என் கையையும் தன் கையையும் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவளுக்கு ஒரே சந்தோஷம்.

ஜூலை 5, சனி

பட்டை அரிக்கிறது. 3.10க்கு அதைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு அவளைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்து கட்டிக்கொண்டேன். எதற்குக் கழற்றினேன் என்று யாராவது கேட்டால் அரித்தது என்றுதான் சொல்வேன். இனிமேல் கழற்ற மாட்டேன். மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

ஜூலை 8, செவ்வாய்

இன்றைக்கு விரலைப் பிடித்ததும் அவள் இழுக்கவில்லை. காலைப் போர்வைக்கு வெளியே நீட்டி வைத்திருந்தாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பயமே இல்லை. தாளில் "முன்னேற்றம்" என்று எழுதினேன்.

ஜூலை 11, வெள்ளி

சொல்லாமல் கொள்ளாமல் ஜெயக்கொடி வந்தார். நல்லவேளை, வீடு கூட்டியிருந்தது. செவ்வந்தி சுவரில் சாய்ந்து வாய்ப்பாடு படித்தபடியே கண் சொருகினாள். ஜெயக்கொடி அவள் இமையை விரலால் தூக்கிப் பார்த்தார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். மதுரை இல்லத்துக்கு மாற்றுவதற்கான தாள். பெயர் எழுதியாகிவிட்டது. தேதி மட்டும் எழுதவில்லை.

"நான் உங்களுக்கு எதிரி இல்லக்கா. பிள்ளை வாடிப்போறா. அத நீங்களும் பார்க்குறீங்கல்ல."

"பார்க்குறேன்" என்றேன். ராத்திரி பகலாகப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

அவர் போனபிறகு கடந்த மூன்று நாள் கட்டத்தில் 3.15ஐ அழித்துவிட்டு "விழிக்கவில்லை" என்று எழுதினேன். அழிப்பானின் தடம் தெரிகிறது. பரவாயில்லை. இவளைக் கொடுக்க மாட்டேன்.

ஜூலை 12, சனி

தாளில் பொய் எழுதலாம். கையில் கட்டியிருப்பது பொய் எழுதாது. இது எனக்கு நேற்றே தோன்றியிருக்க வேண்டும், முட்டாள்.

ஜூலை 18, வெள்ளி

டாக்டர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. இரண்டும் ராத்திரி முழுக்கத் தரையோடு தரையாகப் போகின்றன. மூன்று பத்துக்கு மேல்கோடு எழும்புகிறது. ஐந்து நிமிஷம் கழித்து அடுத்த கோடு எழும்புகிறது.

"மேல உள்ளது யாரு?" என்று கேட்டேன். கேட்கும்போதே தெரியும்.

"நீங்க."

அடுத்த நாளைத் தட்டினார். அதே மாதிரி. அடுத்த நாள். அதே மாதிரி. பத்தாவது நாளில் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். ஜூலை ஐந்தாம் தேதி மட்டும் என் கோடு கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. அதை அவர் கேட்கவில்லை. கடைசி வாரத்தில் ஒரு வித்தியாசம் இருக்கிறது என்றார். அவளுடைய கோடு எனக்குக் காத்திருக்கவில்லை. மூன்று மணிக்கே எழும்ப ஆரம்பித்திருந்தது.

"மூணு மணிக்கு என்னம்மா நடக்குது?"

"ஒன்னுமில்ல. உங்க பட்டைதான் கோளாறு" என்றேன். செவ்வந்தியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். டாக்டர் கூப்பிட்டது காதில் விழுந்தது.

அதே நாள், ராத்திரி

எழுதிவிடுகிறேன். எழுதாமல் இன்றைக்குப் படுக்க முடியாது.

எனக்குப் பத்து வயது. தங்கச்சி பொட்டுத்தாய்க்கு ஆறு. எங்கள் ஊரிலிருந்து பிள்ளைகளைத் தீப்பெட்டி ஆபீஸுக்குக் குச்சி அடுக்கும் வேலைக்கு ஏற்றிப்போக விடியக்காலம் வேன் வரும். வேன் வருமுன் எழுப்புகிற ஆள் வருவான். அதற்கென்றே வைத்த ஆள். டார்ச் லைட்டோடு வீடு வீடாக நுழைந்து, வரிசையாகப் படுத்திருக்கிற பிள்ளைகளின் கால் பெருவிரலைப் பிடித்து இழுப்பான். மடக்குகிற பிள்ளைக்கு அடி, ஏனென்றால் அது நடிக்கிறது. எங்கள் வீட்டுக்கு அவன் வருகிற நேரம் மூன்று பத்து.

பொட்டு எழுந்திருக்கவே மாட்டாள். அவன் அடிப்பானே என்று அவனுக்கு முன்னால் நானே அவள் விரலைப் பிடித்து எழுப்புவேன். தூக்கத்தோடு தூக்கமாக வேனில் ஏற்றுவேன். பின்கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, கயிற்றால் கட்டியிருப்பார்கள். நாற்பது பிள்ளைகளை அடைத்தால் கடைசியில் ஏறினவர்களுக்குக் கதவோரம்தான் இடம். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன்.

அன்றைக்கு ஆபீஸ் வாசலில் வேன் நின்றபோது என் கையில் ஒன்றும் இல்லை.

எங்கே விழுந்தாள் என்று கேட்டார்கள். அம்மா கேட்டாள், கணக்கப்பிள்ளை கேட்டார், போலீஸ் கேட்டது. தெரியாது, நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். எல்லோரிடமும் அதே பதில். விடிந்தபிறகு ஓடைப் பாலத்தருகே கண்டுபிடித்தார்கள்.

பதினாறாம் நாள் கழிந்து, மறுநாள் அந்த ஆள் எங்கள் வீட்டுக்கு வந்தான். நான் விழித்திருந்தேன். அதற்குப் பிறகு அவன் என்னை எழுப்ப வேண்டியிருக்கவே இல்லை.

செவ்வந்தி தூங்குகிறாளா என்று பார்க்கப் போவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இருக்கிறாளா என்று பார்க்கப் போயிருக்கிறேன். பஸ் ஸ்டாண்டு அவளை எழுப்பவில்லை. அந்த டார்ச் லைட்காரன் நான்தான்.

ஜூலை 19, சனி

போகக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். 3.20க்கு அவள் பாயருகே நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்து நடந்தேன் என்று தெரியவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

ஒரு பழைய சேலையின் கரையைக் கிழித்து, ஒரு முனையை என் கணுக்காலில் கட்டி, மறு முனையைக் கட்டில் காலில் கட்டிக்கொண்டு தரையில் படுத்தேன். எழுந்தால் இழுக்கும், இழுத்தால் புத்தி வரும்.

3.10க்கு விழிப்பு வந்தது. எழவில்லை.  பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். கொஞ்ச நேரத்தில் சின்னக் கால் நடந்து வருகிற சத்தம் கேட்டது.

"பெரிம்மா, ஏன் வரல?"

"தூங்கு தாயி. இனிமே வர மாட்டேன்."

அவள் குனிந்து கட்டைத் தடவிப் பார்த்தாள். "யாரு உன்னைய கட்டிப்போட்டது?"

"நாந்தான். ராத்திரி வந்து உன்னைய எழுப்பிரக் கூடாதுல்ல."

"நீ எழுப்பல. நான் முன்னாடியே முழிச்சிருவேன். நீ வர்றப்ப நான் தூங்கிட்டா, நான் போயிட்டேன்னு நெனச்சுருவேல்ல. அதான் காலை வெளிய வச்சிருப்பேன்."

 அழுதேன் என்றே எழுதிவிடுகிறேன். அவள் என் கணுக்கால் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், பையைப் பார்த்துக்கொண்டு உட்காருவாளே, அதே மாதிரி. மூன்று மாதத்தில் அந்தப் பிள்ளைக்கு நான் கற்றுக்கொடுத்தது இதைத்தான்.

ஜூலை 21, திங்கள்

பள்ளியில் அரிசியைக் குழைய விட்டுவிட்டேன். மாரித்தாய் கஞ்சியை வடித்தாள்.

மத்தியானம் மூன்று மணிக்கு டாக்டருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அவளுக்கு மட்டும் மருந்து பார்த்தா போதாதும்மா. உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் பார்க்கணும்" என்றார். குழுவுக்குத் தானே கடிதம் அனுப்புவதாகவும், ஆனால் நடந்ததை நான்தான் என் வாயால் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார்.

சாயங்காலம் இந்த நோட்டை ஜெயக்கொடியிடம் கொடுத்தேன். வாசலில் நின்றபடியே படித்தார். கடைசிப் பக்கம் வந்ததும் மூடினார்.

"இதக் குழுவுல காட்டுனா பிள்ளைய எடுத்துருவாங்கக்கா. நான் படிக்கலைன்னு வச்சுக்கிறேன். வாங்கி உள்ள வைங்க."

"வேண்டாம் மேடம். நாளைக்கு நோட்டு உங்க கையிலயே இருக்கட்டும்."

நோட்டு அவரிடம் போய்விட்டதால் இதை ஒரு தனித்தாளில் எழுதுகிறேன். திரும்பி வந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.

ஜூலை 22, செவ்வாய்

குழுவில் ஐந்து பேர். தலைவராக இருந்த அம்மாள் நோட்டை முழுவதும் படித்தார்.  செவ்வந்தி என் சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தாள்.

"ராத்திரி இந்தப் பிள்ளைய எழுப்புனது நீங்கதானா?"

"ஆமாங்கம்மா."

"டாக்டர் தாள்லயும் பொய் எழுதியிருக்கீங்க."

"ஆமாங்கம்மா. மூணு நாள்."

அவர் செவ்வந்தியைப் பக்கத்தில் அழைத்தார். மதுரையில் பெரிய இல்லம் இருக்கிறது, அங்கே போனால் ராத்திரி யாரும் எழுப்ப மாட்டார்கள், போகிறாயா என்று கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தரையில் எத்தனை கீறல் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன்.

செவ்வந்தி யோசித்துத்தான் பேசினாள். "அங்க போனா, ராத்திரி பெரிம்மா வந்து பார்ப்பாங்க. பாயில ஆள் இருக்காது" என்றாள்.

எங்களை வெளியே உட்காரச் சொன்னார்கள். ஒரு மணி நேரம். பிறகு ஜெயக்கொடி வந்து நோட்டைக் கையில் கொடுத்தார். மூன்று மாதம் தவணை. இரண்டு பேரும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை டாக்டரைப் பார்க்க வேண்டும். பட்டை இரண்டு பேர் கையிலும் இருக்க வேண்டும். மூன்று மாதத்தில் இரண்டு கோடும் இறங்காவிட்டால் மதுரைதான். தேதி எழுதாத அந்தத் தாள் கோப்பிலேயே இருக்கிறது.

ஜூலை 25, வெள்ளி

டாக்டர் சொன்னபடி ராத்திரி எட்டரைக்கே விளக்கைக் குறைத்துவிடுகிறேன். மூன்று பத்துக்கு விழிப்பு வந்தால் எழக் கூடாது, மூச்சை மெதுவாக விட்டு, இப்போது எந்த வருஷம், இது யாருடைய வீடு என்று எனக்கு நானே சொல்ல வேண்டுமாம். கேட்கக் கேனத்தனமாக இருக்கிறது. சொல்கிறேன். விழிப்பு வந்துகொண்டுதான் இருக்கிறது. எழுந்து போகவில்லை. அவள் 3.30க்கு விழித்தாள்.

ஜூலை 27, ஞாயிறு

கணுக்கால் கட்டை இன்னும் அவிழ்க்கவில்லை. விழிப்பு, 3.10. அவளுக்கு 4.05.

ஜூலை 30, புதன்

பால்காரர் கதவைத் தட்டிய சத்தத்தில் எழுந்தேன். ஜன்னலில் வெயில். மணி ஆறு இருபது. வாசல் தெளிக்கவில்லை, அடுப்புப் பற்ற வைக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை. பதறிப்போய் எழுந்தால் கால் இழுத்தது.

கட்டில் காலில் கட்டியிருந்த முனை அங்கே இல்லை. செவ்வந்தி தன் பாயை என் பாயோடு ஒட்டிப் போட்டிருந்தாள். அந்த முனை அவள் கணுக்காலில் தொளதொளவென்று கட்டியிருந்தது. எப்போது அவிழ்த்தாள், எப்போது கட்டினாள், எனக்குத் தெரியாது. வாயைத் திறந்துகொண்டு கிடந்தாள். தலைக்குக் கீழே பை இல்லை. கால் பெருவிரல் போர்வைக்கு உள்ளே இருந்தது. தொட்டுப் பார்க்கவில்லை.

தாளை எடுத்து வைத்துக்கொண்டேன். படுத்த நேரம் எழுதினேன். நடுவில் விழித்த நேரம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று முதலில் தோன்றவில்லை. பிறகு எழுதினேன்.

தெரியாது. நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.